மொட்டைக் கையோடு டியூட்டிக்குப் போகிறாள் உன் மருமகள்

என் மாதம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, கோயில் மண்டபத்துச் சாயங்கால வகுப்பில் டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு எழுத்தாக வைத்து வருகிறேன். செங்கல் வைப்பது போலத்தான் இதுவும். கொத்தனாருக்கு அவசரம் ஆகாது என்று உனக்குத் தெரியும்.

முதலில் எழுதிய பெயர் உன்னுடையது. ஆயுசு முழுக்கக் கூப்பிட்ட பெயர், கண்ணால் பார்த்ததே இல்லை. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா வந்து, "என்னங்கய்யா, அடுத்த எழுத்துக்குப் போகலாமா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன்.

மைசூரில் நம் தமிழ் ஆட்கள் வருடந்தோறும் போடும் மலரில் இதை அச்சடிக்கப் போகிறார்கள். புருஷன் பொண்டாட்டி பேச்சை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று நீ கேட்பாய். படிக்கட்டும். என் தங்கச்சி ராஜாமணி கட்டாயம் படிக்கட்டும். கொள்ளேகாலுக்கு அவள் பேரில் ஒரு புத்தகம் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

செய்தி இதுதான். நம் சுமதி மறுபடி நர்ஸ் வேலைக்குப் போகிறாள்.

உனக்குத் தெரிந்த கதையைப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் மகன் சரவணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அவள் நர்ஸ். சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். உனக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டாள். "வீட்டுக்கே நர்ஸ் கெடைச்சுது, குடுத்து வச்சவங்க" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உன்னைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் பார்த்து, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி, அத்தனை வருடமும் அவள்தான் செய்தாள். அதையெல்லாம் மருமகள் கடமை என்றார்கள். அவள் மட்டும் என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "கடமைன்னு சொல்றாங்க மாமா. இது நான் படிச்ச வேலைங்க."

நீ போன பிறகு அவள் திரும்பப் போக ஆசைப்பட்டாள். ஆனால் வேலையை விட்டவர்கள் நினைத்த நேரத்தில் திரும்ப முடியாதாம். அவளுடைய பதிவு காலாவதியாகிவிட்டிருந்தது. பதிவு இல்லாமல் ஓர் ஊசிகூடப் போடக்கூடாது. அதைப் புதுப்பிக்கப் பெங்களூர் ஆபீசுக்குப் போனோம். நானும் துணைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் தலையைத் தூக்காமலே கன்னடத்தில் கேட்டார்: "இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நர்சிங்தான் சார்" என்றாள் சுமதி.

"எந்த ஆஸ்பத்திரி?"

"வீட்ல சார். என் மாமியாருக்கு."

"அது கணக்குல சேராதும்மா. புதுசா வகுப்பு முடிச்சுட்டு வாங்க."

கேட்டாயா மாதம்மா? நீ ஒரு நோயாளியாகவே கணக்கில் சேர மாட்டாயாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்திருப்பேன். சுமதி என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். பிறகு வகுப்பில் சேர்ந்தாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசையின் ஒரு பக்கம் அவள் மருந்துப் பெயர்களைப் படிப்பாள், எதிர்ப்பக்கம் நான் க ங ச எழுதுவேன். இரண்டு பேரையும் பார்த்துச் சரவணன் சிரிப்பான். "பீஸ் கட்டறது நானு, பாஸ் பண்றது யாருன்னு பார்க்கலாம்" என்பான். இரண்டு பேரும் பாஸ்.

பதிவு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள். சில மாதம் இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்ப்பார், சரியாக இருந்தால்தான் தனியாக விடுவார்களாம். அந்த வார்டு இன்சார்ஜ் சுமதியைவிட ரொம்பச் சின்னப் பெண். முதல் நாளே சொல்லிவிட்டாளாம்: முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது. மோதிரம், கயிறு, வாட்ச், வளையல், ஒன்றும் ஆகாது. வளையலுக்கு அடியில் கை சரியாகக் கழுவப்படாமல் கிருமி தங்கும், ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். எனக்கு உடனே புரிந்தது. சிமெண்டுக் கலவையில் கை வைக்கிறவன் மோதிரம் போடமாட்டான், விரல் வெந்துபோகும்.

பழைய நர்சிங் ஹோமில் இதை யாரும் கேட்டதில்லை. வளையலை மேலே தள்ளிவிட்டு வேலை செய்வார்கள். சுமதிக்கு அந்தப் பழக்கம். அதோடு பயமும் இருந்தது. புருஷன் நன்றாக இருக்கும்போது கண்ணாடி வளையலைக் கழற்றக்கூடாது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அந்தப் பயம். என்ன செய்தாள் தெரியுமா? வளையல்களை முன்கையில் இறுக்கித் தள்ளி, சத்தம் வராமல் இருக்கப் பிளாஸ்திரி சுற்றி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாள். காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கை கழுவும் இடத்தில் ஸ்வெட்டர் கையைச் சுருட்டித்தானே ஆகவேண்டும்? இன்சார்ஜ் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"பளே ஹாக்கொண்டு ஒளகே பரபேடி அக்கா" என்றாளாம். வளையலோடு உள்ளே வராதீர்கள். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வெறுங்கையோடு வருவதானால் வரலாம், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரவணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தான். முட்டி மட்டும் உரிந்தது. ஆனால் சுமதியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு என்னிடம் வந்து, "விட்டுடலாங்க மாமா. இது நமக்கு ஆகலீங்க" என்றாள். படிப்பு, பெங்களூர், வகுப்பு, அத்தனையும் ஒரு முட்டிக் காயத்தில் முடிந்துபோகும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜாமணி வந்தாள், அண்ணன் மகன் முட்டியைப் பார்க்க. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"சுமதி, நேராச் சொல்லு. கையில வளையல் இல்லாம வேலைக்குப் போனியா இல்லியா?"

"போட்டுட்டுத்தானுங்க போனேன். மேல தள்ளிப் பிளாஸ்திரி சுத்தியிருந்தேனுங்க."

"கட்டிப் போட்டாலும் கழட்டுன மாதிரிதான். அதான் இவன் உழுந்துட்டான்."

"அத்தை, மழை பேஞ்சு ரோட்டுல எண்ணெ கெடந்துச்சு. வழுக்கிட்டேன்" என்றான் சரவணன்.

"எண்ணெ எல்லாருக்குந்தான் கெடந்துச்சு. உனக்கு மட்டும் ஏன் வழுக்குச்சு?"

இதற்கு யார் பதில் சொல்வது? நான் சொன்னேன். நீயும் நானும் சுமதியும் மறைத்து வைத்திருந்ததை அங்கேயே போட்டு உடைத்தேன்.

"ராஜாமணி, மாதம்மா படுத்திருந்தப்ப அவ கையில வளையலே இல்ல. தெரியுமா?"

"நான் வந்தப்பெல்லாம் இருந்துச்சே."

"நீ வர்றேன்னு போன் பண்ணுவீல்ல, அப்பத் தொளதொளன்னு ரண்டு மாட்டி உடுவோம். நீ பஸ் ஏறுனதும் கழட்டிருவோம். கை வீங்குது, ஊசி ஏத்தோணும்னு சுமதி சொன்னா. வாய் பேச முடியாதவ, தானாக் கையை நீட்டுனா. அத்தனை நாளும் நான் எப்படி இருந்தேன்? ஒரு காய்ச்சல் வந்துச்சா? மசால் தோசையத் தின்னுட்டுக் கல்லாட்டம் திரிஞ்சேன். அவ போனப்ப என் கையில இருந்து எதைக் கழட்டுனீங்க? வாட்ச்சைக்கூட யாரும் கேக்கல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அப்ப அப்பனும் மகனும் வளையலைப் போட்டுட்டு ஊட்டுல உக்காருங்க. அவ சம்பாரிச்சுப் போடட்டும்."

நான் கையை நீட்டினேன். "கொண்டா. எந்தக் கைக்குப் போடறே?"

சுமதி சிரித்துவிட்டாள். அந்த மூன்று நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக் குழாயடிக்குப் போனாள். சோப்பைக் குழைத்து ஒவ்வொன்றாக உருவினாள். வீட்டில் யாரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை, மாதம்மா. அவளாகவே செய்தாள். கடைசி வளையல் மணிக்கட்டில் சிக்கி, பட்டென்று உடைந்து தொட்டியில் விழுந்தது.

ராஜாமணி வாயில் கை வைத்துக்கொண்டாள். நானும் ஒருமுறை சரவணனைத் திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். சரவணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கட்டுப்போட்ட காலை ஊன்றி நின்றான்.

"நின்னுட்டுத்தான் இருக்கேன், அத்தை. சந்தேகம்னா நாடி புடிச்சுப் பாருங்க. இல்ல, இவளையே பாக்கச் சொல்றேன். இந்த ஊட்டுல இவதான் நர்ஸு."

கையை அவளிடம் நீட்டினான். சுமதி சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் நாடியைப் பிடித்தாள். உண்மையாகவே எண்ணினாள். "நல்லா ஓடுதுங்க" என்றாள். ராஜாமணி சாப்பிடாமல் கொள்ளேகால் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை சுமதி வெறுங்கையோடு போனாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் போனேன். நின்றிருந்த பெண்கள் அவள் கையைப் பார்த்தார்கள், பிறகு நெற்றியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களை ஒவ்வொருவராகத் திரும்பப் பார்த்தேன். வார்டில் இன்சார்ஜ் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கட்டிலைக் காட்டினாளாம். உன்னைப் போலவே ஒரு பக்கம் விழுந்த அம்மா ஒருத்தி. சுமதி அவளைப் புரட்டிப் போட்ட விதத்தைப் பார்த்து, "அக்கா, இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று அந்த இன்சார்ஜ் பெண் கேட்டிருக்கிறாள். சுமதி என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியாதா?

போன வாரம் அவளுக்குத் தனி டியூட்டி கொடுத்துவிட்டார்கள். இனிமேல் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை.

இப்போது அடுத்த சண்டை வந்திருக்கிறது. உன் வருஷத் திதி வருகிறது. அன்றைக்கு அவளுக்குக் காலை டியூட்டி. ராஜாமணி போன் போட்டு, "அன்னைக்கு ஒருநாளாச்சும் லீவு போட்டு, கை நெறைய வளையல் போட்டு, மருமகளா லட்சணமா நின்னு படையல் வைக்கச் சொல்லு" என்றாள். லீவு கேட்கட்டுமா என்று சுமதியும் என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். வந்து சேர்ந்த புதிது, இத்தனை பாடுபட்டு வாங்கிய இடம். அதை விட்டுவிட்டு வந்து எனக்குச் சோறு போடு என்று நீ கேட்கிறவள் இல்லை.

ஆகவே மாதம்மா, உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். படையலை நான் சமைக்கிறேன். சரவணன் காய் நறுக்குவான். கௌதள்ளியிலிருந்து நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் வந்தாலும் பரிமாறுவது நான்தான். மருமகள் எங்கே என்று கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறாள் என்பேன். இரண்டாம் முறை கேட்டாலும் அதே பதில்தான். என் சாம்பார் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பொறுத்துக்கொண்டு சாப்பிடு. உனக்குக் கஞ்சி கொடுத்த கை அந்த நேரத்தில் வேறு யாருக்காவது கொடுத்துக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், சுமதிக்கு மாமன்,
குப்புசாமி