பாசி அலமாரியில் பெரணி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான். அதற்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடையாது.

எங்கள் தாவரக் காப்பகத்துக்குப் புது இயக்குநர் வந்திருக்கிறார். ரோஜா வளர்த்துப் பதக்கம் வாங்கியவராம். நாங்கள் வைத்த பெயர் பூக்காரர். பூக்காதது எதுவும் அவர் கண்ணுக்குச் செடியே இல்லை. வந்த மூன்றாம் நாள், உலர்த்தித் தாளில் ஒட்டிய பெரணிகள் இருக்கும் அலமாரியைத் திறந்தார். "பூ இல்ல, காய் இல்ல, விதை இல்ல. பாசியும் அப்படித்தானே? எல்லாத்தையும் ஒண்ணா அடுக்குங்க" என்றார். பெரணிக்கு வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் உண்டு, பாசிக்குக் கிடையாது, அந்த வகையில் பெரணி ரோஜாவுக்குத்தான் கிட்டத்து உறவு என்று சொன்னேன். சம்பந்தம் பேச வந்த ஏழையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். இந்த அறிவுக்கு ஒரு சுழல் நாற்காலி, இரண்டு மின்விசிறி!

அதோடு விட்டாரா? இலைகளின் முதுகில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, பூச்சி முட்டை போட்டிருக்கு. பிரஷ் வெச்சுத் தட்டிச் சுத்தம் பண்ணுங்க" என்று உத்தரவு. விதைக்குப் பதிலாகப் பெரணி சுமக்கும் ஸ்போர் பைகளடா அவை! புள்ளி வட்டமா, கோடா, ஓரத்திலா, நடுவிலா என்று பார்த்துத்தானே எது எந்தக் குடும்பம் என்கிறது உங்கள் பெரணி ஆராய்ச்சிக் கூட்டம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலை ஓடையில் நீ கண்டெடுத்தாயே, எந்தக் குடும்பத்திலும் சேராதது என்று ஆறு வருடமாக நீ வாதாடும் பெரணி, அதன் நான்கு தாள்களும் அந்த அலமாரியில்தான் இருந்தன. அடுத்த மாதம் ஆய்வுக் குழு உன்னிடம் கேட்கப்போவது அந்தப் புள்ளிகளைத்தான். அவற்றையும் தட்டியாயிற்று.

பூக்காரரைத் திட்டியே பக்கத்தை நிரப்பிவிட்டேன். அவர் தெரியாமல் சொன்னார். பிரஷ் பிடித்தது நான். தெரிந்தே தட்டினேன். பதினோரு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாக அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. நேற்று போட்டுவிட்டார். எங்கள் இருவரில் யார் கேவலம் என்று நீயே முடிவு செய்துகொள்.

நான்காம் தாளில் ஓர் இலை நுனியை மட்டும் தட்டக் கை வரவில்லை. ஏழு புள்ளிகள் இருக்கின்றன. காகிதத்தில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது மூச்சு விட்டுவிடாதே.

அது போதுமா, போதாதா என்று ஒரு வரி எழுது. முடிந்தால் மேலே 'அக்கா' என்று போட்டு எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நேற்று முதல் நிரந்தர ஊழியை