பேச்சு அதிகம்

ஆனையூர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

பாசமுள்ள தங்கை பவதாரிணிக்கு,

வாணி அக்கா எழுதுவது. ஓசூரில் புது வேலை பிடித்திருக்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே வெயில் குறையவில்லை. என் போன் உன் மச்சானிடம் இருக்கிறது. அதனால் காகிதம்.

ஏப்ரலில் குழாய்க்குள்ளிருந்து எனக்குக் கேட்ட குரல் நின்று ஆறு வாரம். மாத்திரைதான் நிறுத்தியது. அதை நான் மறுக்கவில்லை.

டாக்டர் உன் மச்சானை ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தார். தூக்கம், சாப்பாடு, பேச்சு. தினமும் ஒரு வரி. நான் தனியாகப் பேசுகிறேனா, கோர்வை இல்லாமல் ஓயாமல் பேசுகிறேனா என்பதுதான் டாக்டருக்கு வேண்டியது. உன் மச்சான் புரிந்துகொண்டது வேறு.

நேற்று பழைய பக்கங்களைப் பார்த்தேன்.

மேலூர்ப் பள்ளிக்கூட வேலைக்குப் போவேன் என்று சொன்ன நாள்: 'பேச்சு அதிகம்.' அத்தை நம் அம்மாவைக் குறை சொன்னதற்குப் பதில் சொன்ன நாளும் அப்படியே. ஒரு நாள் முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். 'இன்று பேச்சு நார்மல்.'

அழகான கையெழுத்து. பொய் ஒன்றும் இல்லை.

அதைப் படித்துத்தான் டாக்டர் ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். இப்போது நாக்கு தடிக்கிறது. கை நடுங்குகிறது. அத்தை அன்றைக்கே சிரித்தார்: "ஒண்ணுக்கே இம்புட்டு அடக்கம். ரெண்டு குடுத்தா தங்கமா ஆயிருவாடா."

டாக்டர் கேட்டது அது இல்லை என்று உன் மச்சானிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, சரி" என்று தலையைத் தடவினார். பிறகு நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினார். என்ன வரி என்று உனக்கே தெரியும்.

மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தினால் குரல் திரும்பி வரும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் போகிறோம். அங்கே நான் பேசினால் நோட்டு உண்மையாகிவிடும். பேசாவிட்டால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பார்கள்.

நீ வா. எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். எனக்குச் சத்தம் கூடலாம், நடுவில் அழலாம். அப்போது அம்மா செய்வதுபோல் தொடையைக் கிள்ளாதே. முடிக்கும்வரை விடு.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா,
தமிழ்வாணி