ஜாடியைக் கவிழ்த்த ஞாயிறு

இயேசு மரி சூசை துணை

இரும்புலியூர்
8.1.2025

படப்பையில் இருக்கும் சம்பந்தி டீச்சரம்மாவுக்கு,

முடிச்சூரில் வெள்ளம் வந்து தெருவுக்குத் தெரு படகு விட்ட வருஷம். பால் வண்டி வராமல் கைப்பிள்ளைக்காரிகள் அழுத வருஷம். கரண்டு ரயில் தாம்பரத்திலேயே படுத்துக்கொண்ட வருஷம். எனக்கு நம்பர் வராது, இப்படித்தான் வரும். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போட்ட வைனுக்கு அப்புறம், இந்த வருஷத்து வைன்தான் வாய்க்கு வாய்த்திருக்கிறது. அந்த வைனை வைத்துத்தானே என் ஸ்டெபினுக்கும் உங்கள் பிளஸ்ஸிக்கும் நிச்சயம் பண்ணினோம்? ஆபேல் சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "பொண்ணைக் கொடுக்கலாம் போலிருக்கே" என்றார். என் வீட்டுக்காரி கங்கம்மா சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்தத் தடவை பன்னீர் திராட்சை நல்ல கறுப்பு. கிராம்பைக் குறைத்துவிட்டேன், அது முந்திக்கொண்டு வந்து மற்றதை எல்லாம் அமுக்கிவிடுகிறது. சின்னப்பனின் ஷேர் ஆட்டோவில் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கேக்கோடு குடிக்காதீர்கள், தித்திப்புக்குத் தித்திப்பு சண்டை போடும். பன்றிக்கறியை மிளகு தூக்கலாக வறுத்து, ஒரு துண்டு, ஒரு வாய், அப்படி.

இதை அடிக்கிறது ஜெராக்ஸ் கடை ரேஷ்மா. "நீ பேசறத அப்டியே போட்டா டீச்சரு செவப்பு மையில சுழிச்சி திருப்பி அனுப்பிடுவாங்க தாத்தா" என்று சொல்லி, எழுத்துத் தமிழாக்கிப் போடுகிறாள்.

ஸ்டெபின் போய் மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. அவனுக்கு மண் போட்ட அன்றைக்குப் பேத்தியைப் பார்த்ததோடு சரி. எப்படி இருக்கிறாள்?

சொன்னது,
லாசரஸ்

*

படப்பை
20.1.2025

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணாவுக்கு ஹில்டாவின் ஸ்தோத்திரம்.

பாட்டில் சேதமில்லாமல் வந்தது. சின்னப்பன் அதைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினானாம். "எத்தினி தபா பிரேக் போட்டேன், ஒரு சொட்டு சிந்தல டீச்சர்" என்று பெருமை வேறு.

முதல் வாயில் புளிப்பு லேசாக நாக்கின் ஓரத்தைத் தொட்டது. பிறகு பட்டை. விழுங்கிய பிறகுதான் திராட்சை வந்தது, தாமதமாக வரும் மாணவன் மாதிரி. பன்றிக்கறிக்கு என் பித்தப்பை சம்மதிக்காது. கல்கல் பொரித்து வைத்துக்கொண்டேன்.

அண்ணா, பிளஸ்ஸியின் சட்டம் உங்களுக்குத் தெரியும். போன் கூடாது, போக்குவரத்து கூடாது. "அவங்க வீட்ல கிறிஸ்துமஸ்னா குழந்தை வாயிலயும் ஒரு ஸ்பூன் ஊத்துவாங்கம்மா. ஸ்டெபினுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. எங்க போய் முடிஞ்சுது பார்த்தீங்கல்ல?" என்கிறாள். ஊரெல்லாம் அந்த ஒரு ஸ்பூனைக் குடித்துவிட்டு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் குடித்தே போன புருஷனைக் கழுவித் துடைத்தவளிடம் நான் அதைச் சொல்ல முடியுமா? கடிதத்தில் குழந்தையைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் இதற்கே சம்மதித்தாள். வைனையும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடிக்கிறேன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை!

ஆகவே கல்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வைன் ஊற்றி முடிப்பதற்குள் தட்டில் பாதி காணோம். எடுத்தவருக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கடிக்க முடியாமல் பாலில் ஊறவைத்துத் தின்றார். "பாட்டி, இது கல்லா மாவா?" என்று கேள்வி வேறு. யாரென்று எழுதமாட்டேன்.

தங்கள் அன்புத் தங்கை,
ஹில்டா

*

இயேசு மரி சூசை துணை

இரும்புலியூர்
16.3.2025

டீச்சரம்மாவுக்கு,

கல்கல் சமாசாரத்தை ரேஷ்மாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். "தாத்தா, கஷ்டமரு நிக்கிறாங்க" என்று விரட்டிவிட்டாள். முன்பல்லா? ஸ்டெபினுக்கும் அந்த வயதில்தான் விழுந்தது. தறுதலை, பல்லைக் கூரைமேல் எறியச் சொன்னால் பக்கத்து வீட்டுக் குழம்பில் எறிந்தான்.

தவக்காலம் என்பதால் கறி இல்லை. நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து, அடியில் தங்கின வைனில் அரை கிளாஸ் குடித்துப் பார்த்தேன். உப்பு பட்டதும் வைன் திடீரென்று இளசாகிவிடுகிறது. செய்து பாருங்கள்.

ஒன்று கேட்பேன். பிளஸ்ஸி என்ன சொன்னால் இறங்கி வருவாள்? நான் வீட்டுக்குள் வரவேண்டாம். ஒரு தரம், எங்கேயாவது ரோட்டில், அவள் எதிரிலேயே. எனக்கு மூச்சு முன்போல இல்லை. பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

லாசரஸ்

*

படப்பை
30.8.2025

அன்பான அண்ணாவுக்கு,

இத்தனை மாதம் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. நல்ல பதிலோடு எழுத வேண்டுமென்று காத்திருந்தேன். நேற்று வஞ்சிரம் குழம்பு வைத்து, அவள் வயிறு குளிர்ந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"வைன் போடறத நிறுத்திடுவாராம்மா?"

"கேட்டுப் பார்க்கிறேன்."

"கேட்டா போதாது. அந்த வீட்ல ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அப்படின்னா கூட்டிட்டு வரேன். பாப்பாவும் தாத்தா எங்கேன்னு கேட்டுட்டேதான் இருக்கா."

செப்டம்பர் 14, ஞாயிறு, பதினொரு மணிக்கு, தாம்பரம் சண்முகம் ரோட்டில் குழந்தைக்கு ஷூ வாங்க வருகிறோம். கடை வாசலில் நில்லுங்கள். உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வைனைக் குடித்தவள்தானே.

ஹில்டா

*

இரும்புலியூர்
3.9.2025

டீச்சரம்மா,

சரி. ஜாடியில் புதுசு ஊறிக்கொண்டிருக்கிறது. அதையும் ஊற்றிவிடுகிறேன். பிளஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

லாசரஸ்

*

படப்பை
16.9.2025

அண்ணாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள், நாங்கள் ஆட்டோவில் ஏறும்வரை. திரும்பிப் பார்த்தேன்.

குழந்தை உங்களை நோக்கி ஓடியபோது பிளஸ்ஸி சிரித்தாள். நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். குழந்தை உங்கள் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தியது கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. "அம்மா, இங்க வாயேன்! அப்பா வாசனை!"

பிளஸ்ஸி கிட்டே வந்தாள். அவளுக்கும் அடித்தது. எனக்கும் அடித்தது, அண்ணா. அதனால்தான் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உங்களை ஒன்றுதான் கேட்கிறேன். அன்று காலை குடித்தீர்களா?

ஹில்டா

*

இயேசு மரி சூசை துணை

இரும்புலியூர்
19.9.2025

டீச்சரம்மாவுக்கு,

இல்லை.

இன்றைக்கு ஊற்றலாம், நாளைக்கு ஊற்றலாம் என்று தள்ளிப்போட்டேன். அது என் பலவீனம். தினமும் அகப்பையால் கிண்டும்போது அந்த வாசனை ஏறிக்கொண்டே வந்தது. நான் போட்டதிலேயே அதுதான் உசத்தி என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து ஜாடி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. வைத்தால் ஊற்ற மனசு வராது.

பீங்கான் ஜாடி, தனியாள் தூக்க முடியாது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். பாதி என்மேல்தான். சக்கையை வாரிப் போட்டேன். பக்கத்து வீட்டு ஜோவிதா எட்டிப் பார்த்து, "இன்னா தாத்தா, சாக்கடைக்கு கிறிஸ்துமஸா?" என்றாள். அப்புறம் சோப்புப் போட்டுக் குளித்தேன், சலவைச் சட்டை எடுத்துப் போட்டேன். அத்தனை நேரம் அதன்மேலேயே குனிந்திருந்த மூக்குக்கு என்மேல் வாசனை இருப்பதே தெரியவில்லை.

ஒரு சொட்டு இருக்கக் கூடாது என்றாள். வீட்டில் இல்லை. என் தோலில் இருந்திருக்கிறது.

இதைப் பிளஸ்ஸிக்குப் படித்துக் காட்டுங்கள்.

லாசரஸ்

*

படப்பை
12.10.2025

அன்பான அண்ணாவுக்கு,

படித்துக் காட்டினேன். அவள் நம்பினாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், உங்கள் மனம் ஆற வேண்டும். "தாத்தா பொய் சொல்ற ஆள் இல்லம்மா" என்றாள், அழுதாள்.

ஆனால் குழந்தை அன்றிலிருந்து அந்த வாசனையைத் தேடுகிறது. என் அலமாரியைத் திறந்து மோந்து பார்க்கிறது. சின்னப்பன் வந்தால் அவன் சட்டையில் முகத்தை வைக்கிறது. என் பாட்டிலைக் கண்டுபிடித்து, மூடியைக் கொஞ்சமே தளர்த்தி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறது. வாக்கை மீறி எழுதுகிறேன். எழுதாமல் உங்களுக்கு எப்படிப் புரியும்? பிளஸ்ஸி அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "அவர் மேல தப்பில்லம்மா. என்னாலதான் முடியல. திரும்ப அவரைப் பார்த்தா இவ அதைத்தான் தேடுவா" என்றாள்.

அவள் கம்பெனியில் புனேவுக்கு மாற்றல் கேட்டிருந்தாள். கிடைத்துவிட்டது. தீபாவளி கழித்துப் போகிறோம். விலாசம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், நானும் ஒப்புக்கொண்டேன். அண்ணா, எனக்கு மகளும் ஒன்றுதான்.

பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டேன். அதற்கு முன் ஒரு வாய் குடித்தேன், எதையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல். என்ன ருசி என்று எழுதத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹில்டா

*

இயேசு மரி சூசை துணை

இரும்புலியூர்
2.11.2025

டீச்சரம்மாவுக்கு,

"எங்க அனுப்பறது தாத்தா? பூட்டின வூட்டுக்கா?" என்று ரேஷ்மா கேட்கிறாள். படப்பை விலாசமே போடு என்றேன். தபால்காரன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகட்டும்.

பிளஸ்ஸிமேல் எனக்கு வருத்தமில்லை. அவள் பயப்படுவது என்னைப் பார்த்து அல்ல என்று தெரிந்துகொண்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எதுவும் ஊறப்போடவில்லை. கறி வறுத்தால் பக்கத்தில் தண்ணீர்தான். அது எதோடும் சேரும், எதையும் கூட்டாது.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். காலையிலேயே மழை, மெழுகுவர்த்தி நிற்கவில்லை. கங்கம்மாவுக்கும் ஸ்டெபினுக்கும் குடைக்குள் குனிந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். புதுச் சாமியார், சின்ன வயது.

"உங்க குடும்பத்துல இறந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க பெரியவரே."

எழுத்து தெரியாதவனுக்குப் பேர் மறக்காது. அப்பா சவுரிமுத்து, அம்மா, பிறந்ததும் போன என் தம்பி, பெரிய அண்ணன், கங்கம்மா, அவள் வயிற்றில் தங்காமல் போன இரண்டு, ஸ்டெபின். ஆபேல் சம்பந்தியையும் சேர்த்துக்கொண்டேன். சாமியார் குடை பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"உயிரோட இருக்கறவங்க பேரையும் சொல்லுங்க. அவங்களுக்கும் வேண்டிக்கலாம்."

எனக்காக நானே கேட்பது நன்றாக இருக்காது. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், என் ரத்தத்தில் ஒரு பேர்தான் இருந்தது. மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "யாரு?" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தார். மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

ஜெரூஷா.