சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீ சௌக்கியமாக இருப்பதை உன் ரத்தப் பரிசோதனையே சொல்லிவிட்டது. தேடினாலும் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிக் கிடக்கிறது என்று நீ போனில் சொன்னபோது, பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு அழுதேன், கடைக்காரம்மா பயந்தே போய்விட்டார். அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர்கள் எந்த ஊரோ, பிள்ளை குட்டிகளோடு நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டேன், அதனால் பதறாமல் மேலே படி. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்றுதான் இந்தக் கடுதாசி.

உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி தேடும் ஆராய்ச்சிக்கு நோய் இல்லாத ஆட்கள் வேண்டும் என்று கேட்டார்கள், நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஏற்கெனவே தொற்றிவிட்ட உனக்கு அது உதவாது என்று தெரியும், இன்னொருத்தி பிள்ளைக்காவது உதவட்டுமே என்றுதான். அப்பாவிடம் சத்து ஊசி என்று சொல்லிவைத்தேன். இவ்வளவு வருஷமாக ஏன் கிடைக்கவில்லை என்று அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். அம்மை வந்தவர்கள் பெரும்பாலும் தானாகவே குணமாகிறார்கள், அந்த உடம்பைப் பார்த்து ஊசி செய்துவிடலாம், இந்தக் கிருமியைத் தானாக விரட்டிய உடம்பு கிடைப்பதே அபூர்வம், அதுவும் போதாதென்று அது உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். அளவுச் சட்டையும் தராமல், தினமும் உடம்பையும் மாற்றிக்கொண்டு வருகிற ஆளுக்கு எப்படித்தான் தைப்பது என்று கேட்டேன், ரொம்ப நேரம் சிரித்தார். கடைசியில் எங்கள் ஊசியும் பலிக்கவில்லை. வேறு இடங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டுப் பார்த்ததில் காப்பாற்றவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். எல்லாம் வீண்தானா என்று கேட்டதற்கு, இதற்காகக் கற்றுக்கொண்டதெல்லாம் மற்ற வைரஸ்களுக்கு ஊசி செய்யக் கைகொடுத்தது, அடுத்தது கிருமியை எதிர்க்க உடம்புக்குப் படிப்படியாகப் பழக்கிக்கொடுக்கிற ஊசி, நீங்கள் கொடுத்த ரத்தத்திலிருந்துதான் அதற்கும் பாடம் என்றார். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, நோய் வராது, ஆனால் உடம்பு அதை எதிர்க்கப் பழகியிருப்பதால் வெளியில் சாதாரணச் சோதனை செய்தால் நோய் இருப்பதாகவே காட்டலாம், எங்கே போனாலும் ஆராய்ச்சியில் சேர்ந்ததைச் சொல்கிற இந்த அட்டையைக் காட்டுங்கள் என்று. வயிற்று வலியில் துடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன எனக்கு அட்டையாவது ஒன்றாவது, அது வேறு பையில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் கட்டிலை மூலைக்குத் தள்ளினார்கள், ஆயாம்மா தண்ணீரை எட்ட நின்றே வைத்துவிட்டுப் போனார், எனக்கும் அந்த நோய் என்று அப்பாவிடம் வராந்தாவிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ வந்திருந்தபோது மற்றதோடு கலந்துவிடக்கூடாதென்று பட்டறைப் பெயின்டில் உன் டம்ளருக்குச் சிவப்புப் புள்ளி வைத்த மனுஷன், அன்றிலிருந்து உன் போனுக்கே வராதவர். சரி, இவர் இப்படியே வீட்டுக்கு நடந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வந்தார், கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். ஆயாம்மாவைக் கூப்பிட்டு, இது என் பொண்டாட்டிம்மா, கட்டிலை இருந்த இடத்துல போடுறியா, நானே தள்ளட்டுமா என்று கேட்டார். எனக்கு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

அப்புறம்தான் அழுதுகொண்டே ஊசி விஷயத்தைச் சொன்னேன். ஆராய்ச்சி டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம், கிருமியையே நேராகத் தேடுகிற சோதனை ஒன்றைச் செய்ய வைத்தார், அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது, ஆபரேஷனும் நடந்தது. பொய் சொன்னதற்கு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அவனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று கேட்டார். உன்னை ஒரு வார்டில் தள்ளினாங்க, அவனை நம்ம வீட்டுலயே தள்ளிட்டேனே என்று அவரே சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன் மாத்திரைக்கும், பலிக்காத ஊசிக்கும், என் பித்தப்பைக் கல்லுக்கும்கூட நான் கடன்பட்டிருக்கிறேன் கண்ணு. நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும், ஒரு வேளை மாத்திரையும் தவறக்கூடாது, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. சீக்கிரம் லீவு போடு, நீ எப்போது வருகிறாய் என்று கேட்டு எழுதச் சொன்னது அப்பாதான். நேற்று அந்த டம்ளரை எடுத்து, பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுப் புள்ளியைத் துடைத்துத் துடைத்து, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்துவிட்டார். வந்ததும் உன் டம்ளர் எது என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

உன் அம்மா