குழாயில் இருந்த சிவப்புக் கோடு

என் தங்கத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது! போனில் சொன்னால், சரிப்பா ஆபீஸ் கால் வருது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நம் குளியலறை மூலையை அடைத்துக்கொண்டு நின்றதே பழைய ஹீட்டர், அது போயே போய்விட்டது. புதியதற்குத் தொட்டியே கிடையாது, நம்புவாயா? சுவரில் ஒரு சின்னப் பெட்டி, நீ பள்ளிக்குக் கொண்டுபோன புத்தகப் பை அளவுகூட இல்லை. குழாயைத் திறந்தால் ஓடுகிற தண்ணீர் ஓடும்போதே சூடாகிறது, மூடினால் பெட்டியும் தன்பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. பழையது நாம் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் நாள் முழுக்கத் தண்ணீரைச் சுடவைத்து மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது, அதையும் மீறி மூன்றாவது ஆளுக்குத் தீர்ந்துபோகும். இதில் தீருகிற பேச்சே இல்லை. தனி வயர் இழுக்கவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோது முகத்தைச் சுளித்தேன்தான், இப்போது வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குளியலறையைக் காட்டுகிறேன், மாடிவீட்டு வாத்தியார் நேற்று என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

இதை அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். அவளுக்குக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை என்று உனக்குத் தெரியும், தையல்கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற வேலைக்கு விரல்தானே முதல். காலையில் வெந்நீர் நன்றாகப் படட்டும் என்று டாக்டர் சொன்னார், ஆனால் நம் வீட்டில் கடைசியாகக் குளிப்பவள் அவள், அவள் முறை வரும்போது எப்போதும் பச்சைத்தண்ணீர்தான். எனக்கு இதுதான் பிடிக்கும் என்று அவள் சொன்னதை நீயும் நானும் உன் தம்பியும் இத்தனை வருஷம் நம்பியிருக்கிறோம், நம்மைப்போல வசதியான முட்டாள்கள் உண்டா சொல்.

ஆனால் பெட்டியை மாட்டி இரண்டு வாரமாகியும் அவள் விரல் அப்படியேதான் இருந்தது. இந்த மாதத்தோடு நின்னுக்கறேன் என்று கடை முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாளாம், என்னிடம் சொல்லவில்லை, உன் தம்பிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னான். அந்த வேலை போனால் அவள் பாதி ஆளாகிவிடுவாள். மறுநாள் அவள் குளித்துவிட்டு வந்ததும் பல் துலக்க உள்ளே போனேன், கண்ணாடி பளிச்சென்று இருந்தது, ஆவியே இல்லை! கேட்டால், எனக்கு வர்ற தண்ணி அப்படித்தான் வரும் விடுங்க என்கிறாள். எனக்கு வந்ததே கோபம், பெட்டியை மாட்டிய குழாய்க்காரரை வரவழைத்து, பெட்டி ஓட்டை, ஏமாத்திட்டீங்க என்று தாம்தூம் என்று குதித்தேன். அந்த மனிதர் பொறுமையாகக் குழாயை முழுக்கத் திறந்தார், கை வைக்கமுடியாத சூடு. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, நீங்க எப்படிம்மா திறப்பீங்க காட்டுங்க என்றார். அவள் கொஞ்சமே திருப்பி, சிவப்புக் கோட்டில் நிறுத்தினாள்.

ஞாபகம் இருக்கிறதா அந்தக் கோடு? தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறதென்று, இதைத் தாண்டி யாரும் திறக்கக்கூடாது என்று உன் நகப்பாலிஷை எடுத்து நான் போட்டது, பாலிஷ் போச்சே என்று நீ அழுதாய். நீ அதை மதிக்கவில்லை, உன் தம்பி மதிக்கவில்லை, போட்ட நானே மதிக்கவில்லை. நூல் மாதிரி விட்டா தண்ணி வருதுன்னே இந்தப் பெட்டிக்குத் தெரியாதுங்க, அப்புறம் எப்படி சூடேத்தும் என்றார் குழாய்க்காரர். ஏன் அதிலேயே நிறுத்துகிறாய் என்று கேட்டேன், நீங்கதானே கோடு போட்டீங்க என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷம் ஊராருக்கெல்லாம் மெதுவா மெதுவா என்று கத்தியவன், அன்று முழுக்கத் திற முழுக்கத் திற என்று அவளிடம் கெஞ்சினேன்.

அப்புறம் நானே குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நாற்பது நிமிஷம்! உன் தம்பிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் இன்னிக்கு யாரும் கதவத் தட்டக்கூடாது என்று வாசலிலேயே காவல் உட்கார்ந்துகொண்டான். சிவந்த முகத்தோடு வந்தாள், விரலை மடக்கி மடக்கி எங்களிடம் காட்டினாள். இன்றைக்கு இருபதாம் நாள், வேலையை விடவில்லை, பழைய ஹீட்டர் இருந்த மூலையில் ஒரு முக்காலி வேறு போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து குளிக்கிறாள். இதோடு வரும் சட்டை உனக்கு, ஆறு காஜாவும் அவள் போன வாரம் எடுத்தது, எண்ணிப் பார்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். சட்டை சரியாக இருக்கிறதா என்று மறக்காமல் அம்மாவுக்கு எழுது. இன்னொன்று, குழாயில் இருந்த கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன், ஆனால் இந்த வீட்டில் வேறெங்கே என்னென்ன கோடு போட்டு வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை, அம்மாவைக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். உனக்குத் தெரிந்திருக்கும், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. உனக்குப் போட்டதையும் சேர்த்து எழுது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா