நீலக் கார், கறுப்புக் கார், எங்கள் கிணறு

ஏப்ரல் 12, 1948. திங்கள்

விடியும்போதே வெக்கை. தை பிறந்ததிலிருந்து ஒரு தூறல் கிடையாது. என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று பெருக்கல் நடத்த வேண்டும். சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

குடத்தோடு கிணற்றுக்குப் போனேன். பெண்கள் வரிசை தெருமுனை வரை. ஒருத்தியும் இறைக்கவில்லை. ஒரு ஆள் வாளி வாளியாக இறைத்து நீலக் கார் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர்.

வேலை கிடைத்துவிட்டது என்று நேற்று வந்து குதித்தாரே, அந்த வேலை இதுதான். பட்டாளத்தில் லாரி ஓட்டிய மனிதர். ஊர் திரும்பியதிலிருந்து சும்மா இருந்தவர். கார்க் கம்பெனியில் டிரைவர் என்று சொன்னதும் நானும் ஜெபம் பண்ணினேன்.

நம் தெருவில் கடை போட்டிருப்பது ஒன்றல்ல, இரண்டு கம்பெனி. கிணற்றை ஒட்டிய பஞ்சு மூட்டைக் கிட்டங்கியில் நீல அமெரிக்கக் கார், ஏஜெண்டு மதுரைக்காரர். எதிர்த்த வீட்டில் கறுப்பு இங்கிலீஷ் கார், ஏஜெண்டு மெட்ராஸ்காரர். இரண்டு பேர் பெயரையும் எழுதக்கூடப் பிடிக்கவில்லை. ஒருவர் நீலம், மற்றவர் கறுப்பு. போதும்.

யுத்தத்தில் காசு பார்த்தவனுக்கெல்லாம் இப்போது கார் ஆசை. ஜின்னிங் மில்காரர், பருத்தி மண்டிக்காரர், டாக்டர். எல்லாருக்கும் மேலே பஸ் முதலாளி. திருச்சுழி, வீரசோழன் பக்கம் ஓட்டப் புது பஸ்கள் வாங்கப் போகிறாராம். காரோடு பஸ், லாரியும் இந்தக் கம்பெனிகள்தான் விற்கின்றன. அவர் எந்தக் கம்பெனி பக்கம் சாய்கிறாரோ, சுற்று வட்டாரமே அந்தப் பக்கம் சாயுமாம். அதற்காகத்தான் இந்தக் கூத்து. கரிசல் தூசியில் கார் ஒரு நாழிகை மினுங்காது. நீலக் காரைக் கழுவினால் கறுப்புக் காரையும் கழுவியாக வேண்டும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், இரண்டும் இந்தக் கிணற்றில்தான்.

தெருவில் மற்றக் கிணறெல்லாம் உப்பு. குடிக்க இது ஒன்றுதான்.

சோப்பு வாங்க மறந்தேன்.

ஏப்ரல் 13, செவ்வாய்

சண்டை.

“ஏங்க, குடிக்கிற தண்ணிய வண்டி மேல ஊத்துறீகளே, நல்லாருக்கா?”

“நானாவா ஊத்துறேன்? ஏஜெண்டு சொல்றாரு. எதுத்த கடை வண்டி மினுங்குது. நம்ம வண்டி தூசியா நின்னா எவன் வாங்குவான்?”

“நம்ம வண்டியா?”

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காக்கிச் சட்டை, பையில் கம்பெனிப் பெயர் நூலில் தைத்தது. அதை நான்தான் துவைக்க வேண்டும். எந்தத் தண்ணீரில்?

ஏப்ரல் 15, வியாழன்

குடத்தில் வந்தது சேறு.

பக்கத்து வீட்டு வீரம்மா அதையும் வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்துப் போனாள். அவர்கள் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், என்னிடம் தமிழ். அவள் கைக்குழந்தைக்கு முந்தாநாளிலிருந்து வயிற்றுப்போக்கு. “காய்ச்சித்தான் குடுக்கேன் டீச்சரம்மா, அப்புறமும் நிக்க மாட்டேங்குது” என்று அழுதாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கிட்டங்கிக்குப் போனேன். நீலம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். “ஐயா, இது குடிக்கிற தண்ணி. பிள்ளைகளுக்குச் சீக்கு வருது” என்றேன். முகம் மாறாமல் சொன்னார்: “கிட்டங்கியக் கிணத்தோட சேத்துத்தாம்மா வாடகைக்குப் பேசியிருக்கு. உங்க வீட்டுக்காரரே இங்கதான வேலை பாக்குறாரு? அவர்கிட்ட கேட்டுக்கங்க.”

என் வீட்டுக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கையில் துணி. கார் விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

எதிர் வாசலில் கறுப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 17, சனி

தமுக்குச் சத்தம். கறுப்புக் கம்பெனி லாரி தெருவுக்குள் வந்தது, பீப்பாய் நிறையத் தண்ணீர். ஒவ்வொரு பீப்பாயிலும் கம்பெனிப் பெயர் வெள்ளைப் பெயிண்டில். “தாய்மார்களுக்கு இனாம்!” என்று ஒருவன் கத்தினான். காரியாபட்டித் தண்ணீராம். தித்திப்பு.

இரண்டு குடம் பிடித்தேன். வீரம்மாவுக்கும் ஒன்று. நன்றி சொல்ல வாய் வரவில்லை. நம்முடைய தண்ணீரைக் கார் மேல் ஊற்றித் தீர்த்துவிட்டு நமக்கே இனாமா?

ஏப்ரல் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தால் தெருவில் நீலத்தின் லாரி. அதுவும் தண்ணீர். கறுப்பு ஒரு நடை கொண்டுவந்தால் நீலம் இரண்டு நடை. ஓட்டிக்கொண்டு வந்தது இவர். பட்டாளத்திலிருந்து வந்த நாளுக்குப் பிறகு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தெருப் பெண்கள், “டீச்சரம்மா வீட்டுக்காரரு மகராசன்” என்றார்கள்.

“எந்த ஊருத் தண்ணிங்க இது?” என்று கேட்டேன்.

“ஆத்துத் தண்ணி. மணல்ல லோடோட ஏறி வாரேன் பாரு, வேற எந்த வண்டியாலயும் ஆகாது. பஸ் முதலாளி நேர்ல பாக்க வாராருன்னு சொல்றாக.”

அப்படியானால் தண்ணீர் எங்களுக்காக இல்லை. லாரியின் பலத்தைக் காட்ட ஒரு பாரம் வேண்டும், அதற்கு.

வீரம்மா குழந்தை கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு தரம்தான் போயிற்றாம்.

ஏப்ரல் 20, செவ்வாய்

மதுரையிலிருந்து படம் பிடிக்கிறவன் வந்தான். லாரியைச் சுற்றிப் பெண்கள் குடத்தோடு நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும். இவர் என்னையும் நிற்கச் சொன்னார். “படிச்சவ நீ. முன்னால நின்னா ஏஜெண்டு சந்தோசப்படுவாரு.”

மாட்டேன் என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். இவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அப்போது அது வருத்தமாக இல்லை.

பரீட்சைத் தாள் திருத்த வேண்டும். ஒன்றும் ஓடவில்லை.

ஏப்ரல் 22, வியாழன்

தங்கை எஸ்தர் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கத்தினாள்.

“நல்லா குடிக்கிறியா அக்கா? எங்க தண்ணி இனிக்குதா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கோடையில குண்டாத்து ஊத்துதான் எங்களுக்குக் கதி. உங்க லாரிக்காரவுக அதுல பெருசாப் பள்ளம் தோண்டிட்டாக. ஊத்தெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கிருச்சு. நாங்க தோண்டுற குழியில ஈரம்கூட இல்ல. கேக்கப் போன ஆம்பளைகள அடிக்க வாராக. ஓட்டிட்டு வாரது யாரு தெரியுமா? அத்தான்! என்னைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிறாரு.”

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது அந்தத் தண்ணீர்தான். இறக்கி வைத்தேன். கொட்டவும் மனம் வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

இவர் வந்ததும் கேட்டேன். “எனக்கு வேலை வேணுமா வேண்டாமா, நீயே சொல்லு” என்றார்.

நாளை லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: தலைவலி.

ஏப்ரல் 23, வெள்ளி

முதல் பஸ்ஸில் எஸ்தரோடு போனேன். கை இன்னும் எரிகிறது, எங்கே உராய்ந்தது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

குண்டாறு முழுக்க மணல். நடுவில் ஒரு வீடு கொள்ளும் அளவுக்குப் பள்ளம், அதில் தண்ணீர். சுற்றிலும் ஊர்க்காரர்கள் தோண்டிய சிறு குழிகள், காய்ந்து கிடந்தன. பெண்கள் வெறுங்குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கரையில் குடை பிடித்துக்கொண்டு பஸ் முதலாளி. லோடு லாரி மணலிலிருந்து கரை ஏறுவதைப் பார்க்க வந்திருக்கிறார்.

நீலத்தின் லாரி பீப்பாய்களோடு கிளம்பியது. இவர் ஓட்ட, ஏஜெண்டு பக்கத்தில். கரை ஏற ஒரே தடம். நான் போய் அதில் நின்றேன். எஸ்தரும் வந்தாள், அவளைப் பிடித்து ஒதுக்கிவிட்டேன்.

ஹார்ன். மறுபடி ஹார்ன். ஏஜெண்டு கத்தியது கேட்டது: “போய்யா, போ! நிறுத்துனா பொதைஞ்சிரும்! அவ ஒதுங்குவா!”

நான் ஒதுங்கவில்லை. தைரியம் என்று யாராவது சொன்னால் பொய். கோபத்தில் கால் நகரவில்லை.

லாரி நின்றது. முன் இரும்பு என் சேலையைத் தொட்டது. சூடு.

நின்றதும் புதைந்தது. எவ்வளவு முடுக்கியும் சக்கரம் சுற்றிச் சுற்றிக் கீழேதான் போயிற்று. பீப்பாய் சாய்ந்து தண்ணீர் மணலில் போனது. ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பஸ் முதலாளி குடையை மடக்கிக்கொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தார். ஏஜெண்டு பின்னாலேயே ஓடிப் பார்த்தார். திரும்பி வந்து இவர் சட்டையைப் பிடித்து, “கழட்டிக் குடுத்துட்டுப் போ” என்றார்.

கழற்றிக் கொடுத்தார். பனியனோடு என் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்.

ஏப்ரல் 26, திங்கள்

பஸ் முதலாளி கறுப்புக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாராம். ஊரெல்லாம் பேச்சு. மண்டிக்காரரும் அங்கேயே கார் சொல்லிவிட்டார்.

மத்தியானம் கறுப்பு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கையில் மிட்டாய்ப் பெட்டி. “உங்களாலதாம்மா ஆர்டர் கிடைச்சது. கம்பெனி உங்களை மறக்காது.”

அவருக்காக நின்றேனா நான்?

“நாளைக்குத் தண்ணி லாரி வருமா?” என்று மட்டும் கேட்டேன்.

“இனி எதுக்கும்மா? அதான் ஆர்டர் ஆயிடுச்சே.”

பெட்டியை அவர் காலடியிலேயே போட்டேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரித்தார். “கை தவறி விழுந்தது” என்றேன்.

ஏப்ரல் 28, புதன்

கிட்டங்கி பூட்டு. நீலம் விருதுநகர் போய்விட்டாராம், அங்கே கார் வாங்க ஆள் இருக்கிறதாம். கறுப்பும் சாமான் கட்டுகிறார். இரண்டு லாரியும் இல்லை. கிணற்றில் முழங்கால் அளவு கலங்கல்.

வரிசையில் நின்றேன். காதில் விழுந்தது:

“வந்துக்கிட்டிருந்த தண்ணி.”

“டீச்சரம்மா கெடுத்துட்டாக.”

“அவுக தங்கச்சி ஊருக்குன்னா ரோசம் வருது. நம்ம பிள்ளைக தாகத்துல கெடந்தா என்ன?”

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் குடத்தைப் பார்த்தார்கள். கிணற்றை வற்ற வைத்தவனை ஒருத்தி ஒரு சொல் சொன்னதில்லை. என்னைச் சொல்ல வாய் வருகிறது. வீரம்மா மட்டும் என் குடத்தை வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.

குழந்தைக்கு மறுபடி போகிறதாம்.

ஏப்ரல் 29, வியாழன்

வெயில். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று.

இவர் காலையில் பஸ் முதலாளியைப் பார்த்து வேலை கேட்டுவிட்டு வந்தார். “ஆத்துல வண்டிய நிறுத்துன ஆளுதான நீ?” என்று கேட்டு அனுப்பிவிட்டாராம்.

மத்தியானம் சோறு போட்டேன். தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நான் பிரேக்க உடனே மிதிக்கல.”

“தெரியும்” என்றேன். எனக்குத் தெரியாது.

“நிறுத்துனா வேலை போயிரும்னு தெரியும். நீ ஒதுங்கிருவன்னு பாத்தேன். பாத்துக்கிட்டே வந்தேன்.”

குழம்பை ஊற்றினேன்.

“எம்புட்டு நேரம்?” என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்தார்.

மறுபடியும் கேட்டேன்.