ஐந்து மணி இரங்கல் அறிவிப்பு

யாசெனாக்,
ஜூலை, 2015

அன்புள்ள ஒக்னென்,

அத்தையை அடக்கம் செய்த அன்று, லீவு கிடைக்காமல் வியன்னாவிலிருந்து போனில் அழுதுகொண்டே, நிறையப் பேர் வந்தாங்களா என்று கேட்டாய். வந்தார்கள் என்றேன். நம் ஊர் ஆட்கள் ஒன்பது பேர்தான் என்று சொல்லவில்லை. நீ நலமா, முதுகுவலி குறைந்ததா? நாங்கள் உடம்பளவில் நலம். மூத்த பசு கன்று போட்டிருக்கிறது, கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டும், மற்றபடி வீட்டில் பேச்சு குறைவு, அதற்குக் காரணம் நான், அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் சாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை, தெரிந்தவர்கள் தாமாக வர வேண்டும். ஊருக்குள் கம்பங்களில் சாவு அறிவிப்புத் தாள் ஒட்டுவோம், மலைக்கு அந்தப் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் உள்ளூர் டிவியின் ஐந்து மணி அறிவிப்புதான். கோசாரா அத்தை அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. படம் புள்ளி புள்ளியாக ஆடினால் தம்பியை, உன் அப்பாவை, ஆன்டெனா திருப்பக் கூரைமேல் ஏற்றிவிட்டு, "இன்னும் திருப்புடா, ஐயோ, ரொம்பத் திருப்பிட்டே, செத்தவன் மூஞ்சி எனக்குத் தெரிய வேணாமா" என்று கத்துவாள். தெரிந்த முகமாக இருந்தால் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மலையில் அவள் போய் அழாத வீடு இல்லை.

அவள் கண்மூடியதும் உன் அப்பா என்னைத்தான் டவுனில் இருக்கும் டிவி நிலையத்துக்கு அனுப்பினார். அறிவிப்பை நானே எழுதி, படத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று காலையில்தான் பழைய ஒளிபரப்பை நிறுத்தியிருந்தார்கள். டிஜிட்டலுக்கு மாறப் போவதாகச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டதில் யாரும் அதை நம்பவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டிலும் டிவியோடு மாட்டும் புதிய டிஜிட்டல் பெட்டி இல்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்தின் சுவரில் அந்த மாற்றத்துக்கான சுற்றறிக்கையை ஒட்டியவளே நான், தேதி எனக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டில் பெட்டி இருந்தது, ஐந்து மணிக்கு அத்தையின் முகம் ஒரு புள்ளிகூட இல்லாமல் தெளிவாக வந்தது, எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று இருந்துவிட்டேன்.

நூற்றைம்பது பேருக்கு பீன்ஸ் குழம்பு வைத்திருந்தோம். அந்த அண்டாவைப் பார்த்து உன் அப்பா, "ஊரெல்லாம் போய் அழுதாளே, அவளுக்கு அழ ஒருத்தரும் இல்லையா" என்றார். அதன் பிறகு மலைக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாவு மில்லில் அந்தப் பக்கத்து ஸ்ரேதென் கை நீட்டியபோது, "உன் கை உனக்கே இருக்கட்டும்" என்றாராம். ஸ்ரேதெனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, வாயைத் திறக்கவில்லை. ஏழு வருடம் முன்பு இரண்டாம் தாரமாக இங்கே வந்தவள், உன்னை வளர்த்தது அத்தை, அவளுடைய சாவை நான் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

பன்னிரண்டாம் நாள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் தோழி ஸ்தாமெனா ஒரு கூடை செர்ரியோடு மலையேறி வந்தாள். "எங்கடி கோசாரா? எங்க டிவியில ரெண்டு வாரமா வெறும் இரைச்சல், யாரு செத்தா யாரு இருக்கான்னே தெரியலை, அவளைக் கேட்டா தெரியும்னு வந்தேன்" என்றாள். அவள் முன்னாலேயே உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்தாமெனாவைக் கல்லறைக்குக் கூட்டிப் போனார். மறுநாள் நான் நாற்பதாம் நாள் நினைவுச் சடங்குக்கான அறிவிப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு மூன்று ஊர்களுக்கும் நடந்தேன், ஒவ்வொரு கம்பத்திலும் ஒட்டினேன்.

எனக்காக அப்பாவிடம் நீ பரிந்து பேச வேண்டாம். வேலையில் பாரம் தூக்கும்போது குனியாதே, முழங்காலை மடக்கித் தூக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அத்தைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்று, மறந்துவிடாதே. கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

நீ பேர் சொல்லியே கூப்பிடும் உன் சித்தி,
ஸ்தானா

பி.கு. நாற்பதாம் நாள் நேற்று முடிந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள், குழம்பு போதவில்லை. உன் அப்பா வாசலில் நின்று ஸ்ரேதெனுக்கும் மற்ற எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னோடு இன்னும் பேசவில்லை.